மார்கழிக் காட்டில் ஒரு நடை

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில், வடபழனியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாப்பாட்டுக்கு முன்னால் இருபது நிமிடம் இருக்கிறது, ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் சொன்னார். நான் படித்தது வணிகவியல். வேலை பார்த்தது வங்கியில். பற்று, வரவு தவிர எனக்கு என்ன தெரியும் என்று தயங்கினேன். "மார்கழி வந்தா ஞாயித்துக்கிழமை தவறாம காட்டுப் பக்கம் போய்ச் செடி பார்க்கிறீங்களாமே, அதையே சொல்லுங்க சார்" என்றார். பசி நேரத்தில் செடி கொடி பற்றிப் பேச ஒப்புக்கொண்டதற்கு முதலில் என்னை மன்னிக்க வேண்டும்.

சென்னையில் குளிர்காலமா என்று வெளியூர் நண்பர்கள் சிரிப்பார்கள். அவர்கள் சிரிப்பதிலும் நியாயம் இருக்கிறது. வெப்பமானி இருபது டிகிரியைத் தொட்டதும் நாம் குரங்குக் குல்லாயை எடுத்து மாட்டிக்கொள்கிறோம். ஆனால் அந்தக் குல்லாய்க்குள்ளிருந்து கொஞ்சம் தரையைப் பார்த்தீர்களானால், இந்த ஊர் மண்ணுக்கு ஆண்டிலேயே சுறுசுறுப்பான காலம் அதுதான் என்பது தெரியும்.

பள்ளியில் நாம் என்ன படித்தோம்? வசந்தத்தில் செடிகள் துளிர்க்கும், குளிர்காலத்தில் உறங்கும் என்று படித்தோம். அது பனி பெய்கிற நாட்டுக் கணக்கு. நம்முடைய முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்தார்கள். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சென்னைக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். அதில் அறுபது சதவீதம் போல வடகிழக்குப் பருவமழையாக அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. கோடை முழுதும் மண்ணுக்குள் கிடந்த விதை அந்த ஈரத்தில் கண் விழிக்கிறது. கூதிரில் முளைத்து, முன்பனியில் பூத்து, பின்பனியில் விதை கட்டி, சித்திரை வெயில் வருவதற்குள் தன் வாழ்க்கையையே முடித்துக்கொள்கிற சிறு பூண்டுகள் நம் ஊரில் ஏராளம். அவற்றின் ஆயுள் மூன்று, நான்கு மாதம்தான்.

இங்கிலாந்தில் ஸ்னோடிராப் என்று ஒரு சிறு வெள்ளைப் பூ உண்டு. ஜனவரி, பிப்ரவரியில், பனி விலகும் முன்பே காட்டில் தலை நீட்டும். அதைப் பார்ப்பதற்கென்றே வார இறுதியில் மக்கள் குடும்பத்தோடு காட்டுக்குப் போகிறார்கள். அங்கே அந்த அவசரத்துக்குக் காரணம் வெளிச்சம். மேலே மரங்கள் இலை விட்டு நிழல் மூடுவதற்குள் கீழே உள்ள செடி பூத்து முடித்தாக வேண்டும். நம் ஊரில் அதே அவசரத்துக்குக் காரணம் தண்ணீர். மண் காய்வதற்குள் முடித்தாக வேண்டும். ஆகவே முதல் பூவைத் தேடிப் போகிற நடைக்கு நம் ஊரில் ஏற்ற நாள் மார்கழி ஞாயிறு. நேரம் காலை ஆறரை மணி.

இந்த நடைக்குக் காடு வரை போகவேண்டும் என்பதில்லை. நம் வடபழனியிலேயே தொடங்கலாம். கோயிலில் திருப்பள்ளியெழுச்சி முடிந்து பொங்கல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, நூறடி ரோட்டுக்கும் ஆற்காடு ரோட்டுக்கும் போகாமல் உள் தெருக்களில் நடந்து பாருங்கள். மதில் ஓரத்தில் குப்பைமேனி நிற்கும். அதன் வேரைக் கண்டால் பூனை மயங்கிப் புரளும் என்பதால் பூனைவணங்கி என்றும் பெயர். பக்கத்திலேயே மூக்கிரட்டை தரையோடு படர்ந்திருக்கும். கீழாநெல்லி இலையடியில் வரிசையாகக் காய் தொங்கவிட்டிருக்கும். வேலிக் கம்பியில் முடக்கத்தான் ஏறியிருக்கும். அதன் பலூன் போன்ற காயை உடைத்தால் கறுப்பு விதையில் வெள்ளையாக இதய வடிவத்தில் ஒரு குறி இருக்கும். பேரப்பிள்ளைகளிடம் காட்டுங்கள், ஒரு வாரத்துக்கு உங்களை விடமாட்டார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தியாகராய நகர் 1920களில் எப்படி உருவானது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மாம்பலம் பக்கம் நீண்டு கிடந்த பெரிய ஏரியை வடித்துத்தான் அந்த நகரை அமைத்தார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் மட்டும் மிச்சம். ஏரி போய் நூறு ஆண்டு ஆகிறது. ஆனால் மழைத்தண்ணீர் நிற்கிற காலி மனையைப் பாருங்கள். பொடுதலை, பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி என்று ஏரிக்கரையில் வளர வேண்டியதெல்லாம் வந்து நிற்கும். தண்ணீர் எங்கே தேங்கும் என்பதைச் செடி நமக்கு முன்பே சொல்லிவிடுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்கும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கும் பிறகாவது மனை வாங்குகிறவர்கள் பத்திரத்தோடு தரையையும் ஒரு முறை படிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

தெருவிலிருந்து காட்டுக்கு வருவோம். சென்னைக்கு ஏது காடு என்கிறீர்களா? இங்கிருந்து பத்து கிலோமீட்டருக்குள் ஒரு தேசியப் பூங்காவே இருக்கிறது. கிண்டிக் காடு 1910-ல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டபோது அதன் பரப்பு ஐந்து சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பின்னர் ஐ.ஐ.டி.க்கும், தலைவர்களின் நினைவிடங்களுக்கும், மற்றவற்றுக்கும் நிலம் கொடுத்தது போக, 1978-ல் தேசியப் பூங்கா ஆனபோது எஞ்சியது சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். ஏறத்தாழ பாதி. அந்தப் பாதியிலேயே 350-க்கும் மேற்பட்ட தாவர வகைகள் இருக்கின்றன. இந்தக் காட்டுக்கு வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று நீளமாகப் பெயர். சோழமண்டலக் கரையோரம் பெரிய அளவில் பரவியிருந்து இன்று துண்டு துண்டாக மிஞ்சியிருப்பது. வானத்தைத் தொடும் மரங்கள் இங்கே இல்லை. வீரை, காயா, காட்டு எலுமிச்சை, களா, சூரை என்று குட்டையாக, நெருக்கமாக, முள்ளும் கொடியுமாகப் பின்னிக் கிடக்கும். முதல் முறை பார்ப்பவர்கள் "இது என்ன சார், வெறும் புதர்தானே?" என்று கேட்பார்கள். இல்லை. இதுதான் நம் ஊரின் சொந்தக் காடு.

கிண்டிப் பூங்காவின் உட்பகுதிக்குள் நினைத்தபோது நுழைய முடியாது, நுழையவும் கூடாது. சிறுவர் பூங்கா வரை எல்லோரும் போகலாம். நாங்கள் நாலைந்து பேர் போவது பெரும்பாலும் மேடவாக்கத்துக்குப் பக்கத்தில் உள்ள நன்மங்கலம் காப்புக்காட்டுக்கு. ஏறக்குறைய 320 ஹெக்டேர். நடுவில் கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்று தண்ணீர் நிரம்பிக் கிடக்கும். அதன் பாறை இடுக்குகளில் கொம்பன் ஆந்தை குடியிருக்கிறது. அங்கேயும் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. முழுக்கால் சட்டை, மூடிய செருப்பு, தண்ணீர்ப் புட்டி, ஒரு பூதக்கண்ணாடி, ஒரு நோட்டு. அவ்வளவுதான் சாமான்.

கடைசியாகப் போன நடையில் என்னென்ன பார்த்தோம் என்று நோட்டைப் பார்த்துச் சொல்கிறேன். வாயிலருகே தும்பை, வெள்ளை வெளேரென்று, மேலே பட்டாம்பூச்சிகள். சரளை மண்ணில் விஷ்ணுகிராந்தி. சட்டைப் பொத்தானை விடச் சின்ன நீலப் பூ, காலையில் விரியும். வெயில் ஏறியபின் போனீர்களானால் அப்படி ஒரு செடி இருப்பதே தெரியாது. பத்தடி தள்ளி ஓரிதழ் தாமரை. பேர்தான் தாமரை, உயரம் ஒரு சாண் கூட இல்லை. மற்ற இதழெல்லாம் ஒடுங்கிப்போய் ஒரே ஓர் இதழ் மட்டும் இளஞ்சிவப்பாய் நாக்கை நீட்டியது போல இருக்கும். புதர் மேலே ஏறிச் செங்காந்தள். இலையின் நுனியே சுருண்டு கொம்பைப் பிடித்துக்கொள்ளும். மஞ்சளில் தொடங்கிச் சிவப்பில் முடியும் பூ. நம் மாநில மலர் இதுதான், பாதிப் பேருக்குத் தெரியாது. காய் வெடித்துக் குன்றிமணி சிவப்பும் கறுப்புமாய்க் கொடியிலேயே எட்டிப் பார்த்தது. நாயுருவி எல்லோர் கால்சட்டையிலும் ஒட்டிக்கொண்டு வீடு வரை வந்தது. அதுவும் விதை பரப்பும் வழிதானே! இவை தவிர, கடற்கரை மாவட்டங்களில் ஈரம் கசியும் மணற்பாங்கான இடங்களில் டிரோசெரா என்ற பூச்சி தின்னும் செடியும் இந்த மாதங்களில்தான் தலைகாட்டும். இலை மயிர் நுனியில் பனித்துளி போலப் பசை இருக்கும், சிறு பூச்சி உட்கார்ந்தால் எழ முடியாது. வெளிநாட்டுப் படத்தில்தான் பூச்சி தின்னும் செடி பார்த்திருக்கிறோம் என்று நினைக்காதீர்கள்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை ஒன்று. இதையெல்லாம் கேட்டுவிட்டு யாரும் பையை எடுத்துக்கொண்டு பறிக்கப் புறப்பட்டுவிடக் கூடாது. தேசியப் பூங்காவிலும் காப்புக்காட்டிலும் ஓர் இலையைக் கூடக் கிள்ளக் கூடாது, அது சட்டம். அதை விடப் பெரிய காரணம் உயிர். அழகாக இருக்கிறதே என்று சொன்னேனே செங்காந்தள், அதன் கிழங்கு ஏர்க் கலப்பை போல இருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர். தின்றால் ஆளைக் கொல்லும். கால்கிசின் என்ற நஞ்சு அது. அதே கால்கிசின்தான் அளவோடு கொடுத்தால் கீல்வாதத்துக்கு மருந்து. அந்த விதைக்காகவே தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் செங்காந்தளைப் பந்தல் போட்டுப் பயிர் செய்கிறார்கள். குன்றிமணி விதையும் அப்படித்தான், உடைந்த விதை உள்ளே போனால் ஆபத்து.

பெயரை நம்பி இறங்குவதும் ஆபத்து. நம் செடிகளில் ஒன்றுக்குப் பல பெயர், ஒரே பெயருக்குப் பல செடி. பிரம்மி என்று கேட்டால் தெற்கே பெரும்பாலும் நீர்ப்பிரம்மியைக் கொடுப்பார்கள், அது பாக்கோபா. வடக்கே பல இடங்களில் நம் வல்லாரையைக் கொடுப்பார்கள், அது சென்டெல்லா. அதனால்தான் லத்தீன் பெயர் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். இப்போது கைபேசியில் படம் எடுத்தால் பெயர் சொல்லும் செயலிகள் வந்துவிட்டன. நல்ல விஷயம்தான். அது சொல்வதை ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதை நம்பிக் கஷாயம் வைக்காதீர்கள். பார்ப்பதற்கு ஆசிரியர் கண், தின்பதற்குக் கீரைக்காரம்மாவின் கை. இரண்டையும் நான் நம்புவேன்.

கீரைக்காரம்மா என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தெருவுக்கு முடக்கத்தானும் தூதுவளையும் கொண்டுவரும் அம்மாவிடம், "எங்கேம்மா பறிக்கிறீங்க?" என்று கேட்டேன். "முன்ன எல்லாம் இங்கியே விருகம்பாக்கம் பக்கமே வெளஞ்சி கெடக்கும் சார். இப்ப பஸ்ஸு புடிச்சி குன்றத்தூர் தாண்டிப் போவணும். அங்கியும் பிளாட்டு போட்டுட்டா நான் எங்க போவேன்?" என்றார். பெரிய ஆய்வுக் கட்டுரை எழுதினாலும் இதற்கு மேல் சொல்ல முடியாது. ஒரு கட்டுக் கீரைக்கு அந்த அம்மா பயணம் செய்யும் தூரம்தான், இந்த ஊர் தன் மண்ணிலிருந்து விலகிய தூரம்.

காலி மனைகளிலும் இப்போது பழைய செடிகள் நிம்மதியாக இல்லை. பார்த்தீனியம் வந்து உட்கார்ந்துவிட்டது. அமெரிக்கக் கண்டத்துச் செடி, 1950களில் புனே பக்கம் கண்டறியப்பட்டு நாடெங்கும் பரவியது. சிலருக்குத் தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் தரும். அது அடர்ந்த இடத்தில் தும்பையையும் விஷ்ணுகிராந்தியையும் தேட வேண்டியிருக்கிறது. பச்சையாக இருப்பதெல்லாம் நல்லது என்ற எண்ணமும் சரியல்ல என்பதற்கு இது உதாரணம்.

பொங்கலை நினைத்துப் பாருங்கள். பல மாவட்டங்களில் போகியன்று சிறுபீளை, ஆவாரம்பூ, வேப்பிலை சேர்த்து வாசலில் காப்புக் கட்டுகிறோம். பூளைப்பூ, பொங்கல் பூ என்றும் சிறுபீளையைச் சொல்வார்கள். அதைத் தோட்டத்தில் யாரும் பயிர் செய்வதில்லை. மழைக்குப் பின் வரப்பிலும் மேட்டிலும் தானே வருவது. அதைத் தேடிப் பறித்து வரச் சிறுவர்களை அனுப்புவார்கள். எது சிறுபீளை, எது அதைப் போன்ற வேறு பூண்டு என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தாக வேண்டும். ஒரு பண்டிகை இப்படித் தலைமுறை தலைமுறையாகத் தாவரவியல் வகுப்பு நடத்தியிருக்கிறது. இன்று கோயில் வாசலில் கட்டாக வாங்கிவிடுகிறோம். பூ கிடைத்துவிடுகிறது, வகுப்பு நின்றுவிட்டது.

ஒரு செடியின் பெயர் நமக்குத் தெரியவில்லை என்றால், அது காணாமல் போனதும் நமக்குத் தெரியாது. நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒரு விஷயத்தைத்தான். வங்கியில் பேரேட்டில் பெயரே இல்லாத கணக்கிலிருந்து பணம் போனால் யார் கேட்பார்கள்? அது போலத்தான்.

நல்லவேளையாக நமக்கு ஒரு பழைய பேரேடு இருக்கிறது. எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1929-ல் மயூரநாதன் என்பவர் எழுதிய, சென்னை நகரிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள பூக்கும் தாவரங்கள் பற்றிய நூலை வெளியிட்டது. 1994-ல் அதன் திருத்திய வடிவம் வந்தது. அவர் எழுதி வைத்திருக்காவிட்டால் நாம் எதை இழந்தோம் என்று கணக்குப் பார்க்கவே வழியில்லை. தாம்பரத்தில் கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் புதிய வளாகத்துக்குப் போனபோது அங்கே மரம் நட்டு, புதர்க்காட்டின் செடிகளைத் தேடித் தேடிப் படித்தவர் எட்வர்ட் பார்ன்ஸ். அவர் என்ன பேராசிரியர் தெரியுமா? வேதியியல்! அவர் பெயரில் ஒரு காட்டுச் சேம்பு இனத்துக்கே பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. ஆகவே "நான் காமர்ஸ் சார், எனக்கு எதுக்குச் செடி?" என்று எந்தத் தம்பியும் என்னிடம் சொல்ல முடியாது.

இங்கிலாந்தில் நார்ஃபோக் பகுதியில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் 1736-ல் ஒரு நோட்டுப் போட்டார். இந்த ஆண்டு முதல் ஸ்னோடிராப் என்று பூத்தது, முதல் குயில் என்று கூவியது என்று தேதி மட்டும் குறித்தார். அவருக்குப் பின் அவர் குடும்பத்தார் 1958 வரை அதைத் தொடர்ந்தார்கள். இருநூறு ஆண்டுக் குறிப்பு! பருவநிலை மாறுகிறதா என்று ஆராய்பவர்களுக்கு அது இன்று பொக்கிஷம். எழுதியவர்களுக்குத் தேவைப்பட்டதெல்லாம் பேனாவும் பொறுமையும்தான்.

நம்மால் அது முடியாதா? என் வேண்டுகோள் எளியது. நம் கல்லூரி வளாகத்தில் விளையாட்டு மைதானத்துக்கு அப்பால் ஒரு மூலை இன்னும் வெட்டப்படாமல் இருக்கிறது. ஆண்டுதோறும் மார்கழியில் ஒரு ஞாயிறு, பழைய மாணவர்கள் பத்துப் பேரும் இன்றைய மாணவர்கள் பத்துப் பேரும் அங்கே சேர்ந்து நடப்போம். பெயர், தேதி, பூத்ததா காய்த்ததா, எத்தனை இடத்தில் என்று ஒரு நோட்டில் எழுதுவோம். நோட்டு நூலகத்தில் இருக்கட்டும். முதல் ஆண்டு முப்பது பெயர் வந்தால் போதும். தாவரவியல் துறை ஆசிரியர்கள் சரிபார்த்துத் தர வேண்டும் என்று இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன். மைதானத்தைச் சீர்ப்படுத்துகிறோம் என்று அந்த மூலையில் மண்வெட்டி இயந்திரம் வரும் நாளில், "இங்கே என்ன இருக்கிறது, வெறும் புல்தானே?" என்று யாராவது கேட்பார்கள். அப்போது நீட்டுவதற்கு நம் கையில் அந்த நோட்டு இருக்க வேண்டும்.

இது பணம் கேட்கிற வேண்டுகோள் அல்ல. பொருளாளர் நிம்மதியாக உட்காரலாம். ஓர் ஆண்டுக்கு ஒரே ஒரு காலைப்பொழுதுதான் கேட்கிறேன். முட்டிவலி உள்ளவர்கள் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, சின்ன வயதில் ஊரில் எந்தப் பூண்டை என்ன பெயர் சொல்லி அழைத்தீர்கள் என்று சொன்னாலே போதும். அந்தப் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லாமல் உங்கள் நினைவில் மட்டும் இருக்கலாம். எழுதிக்கொள்ளத் தம்பி தங்கைகள் இருக்கிறார்கள்.

விருப்பமுள்ளவர்கள் வாசலில் உள்ள தாளில் பெயர் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள்.